கண் எட்டாத இடத்துக்குக் கேமரா வாங்குவது எப்படி? துளையை அளப்பதிலிருந்து தொடங்குங்கள்

செங்கோட்டையில் பிளம்பிங், வயரிங், மோட்டார் வேலை மூன்றையும் சேர்த்துச் செய்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் வேலைக்குப் போவதுண்டு. பக்கத்துப் பட்டறையில் லாரி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கேபிள் நுனியில் சின்னத் தலை உள்ள, குழாய்க்குள்ளும் இன்ஜினுக்குள்ளும் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமராக்கள் நான்கை அவரும் நானுமாக வாங்கிப் பொதுவில் புழங்குகிறோம். என்னிடம் வேலை பழகிய தம்பிகள் தனியாகத் தொழில் தொடங்கும்போது இந்தக் கேமராவையும் வாங்கிவிடுகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு வாங்கியது உதவாமல் போகிறது.

காரணம் ஒன்றுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற மெகாபிக்சலையும் கேபிள் நீளத்தையும் பார்த்து வாங்குகிறார்கள். போன சாரல் காலத்தில் ஒரு தம்பி 8 மிமீ தலையும் 10 மீட்டர் கேபிளும் உள்ள கேமராவோடு புளியரையில் ஒரு வீட்டுக்குப் போனான். சுவருக்குள் வயர் போகும் கன்டூயிட் பைப்பில் தண்ணீர் இறங்குகிறது, எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். சுவிட்ச் பெட்டியைக் கழற்றியதும் அவனுக்கு முகம் வாடிவிட்டது. வயர்கள் போக மிச்சமிருந்த இடத்தில் அந்தத் தலை நுழையவே இல்லை.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் அளவு அடுத்த படிக்கு வேண்டும்.

1. முதலில் துளையை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் மூன்று இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே நுழையும் வாய் எத்தனை மிமீ என்று அளக்க வேண்டும். வெர்னியர் இல்லையென்றால் டிரில் பிட் போதும். 6 மிமீ பிட்டின் பின்பக்கத்தைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போனால் 8 மிமீ பிட்டை விடுங்கள். பிட் தடுக்கும் இடத்தில் கேமராவும் தடுக்கும்.

கடையில் கிடைக்கும் தலைகள் பெரும்பாலும் 3.9, 5.5, 7, 8 மிமீ விட்டத்தில் இருக்கின்றன. துளைக்கும் தலைக்கும் நடுவே குறைந்தது 2 மிமீ இடைவெளி விடுங்கள். நுழைந்தால் மட்டும் போதாது, உள்ளே திருப்பவும் வேண்டும், சிக்காமல் வெளியே எடுக்கவும் வேண்டும்.

பைக், கார் இன்ஜினுக்குள் கேமராவை ஸ்பார்க் பிளக் துளை வழியாகத்தான் இறக்குவோம். சின்ன பைக்குகளில் அந்தப் பிளக்கின் மரை 10 மிமீ என்பார்கள். அது மரையின் வெளி அளவு. உள்ளே கிடைக்கும் வழி 9 மிமீக்கும் சற்றுக் குறைவு. 8 மிமீ தலை அதில் உரசிக்கொண்டு இறங்கும், சாய்க்க முடியாது. 5.5 மிமீ தலை சுலபமாக ஆடும். கார்களில் மரை 12 அல்லது 14 மிமீ இருப்பதால் அந்தச் சிக்கல் குறைவு.

வயரிங் வேலைக்கு 20 மிமீ, 25 மிமீ கன்டூயிட்தான் வழக்கம். அந்த எண் பைப்பின் வெளி விட்டம். பைப்பின் கனத்தையும் உள்ளே ஓடும் நாலைந்து வயர்களையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிடுங்கள். 5.5 மிமீக்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்: தலையின் நீளம். கேபிள் எவ்வளவு குழைந்தாலும் முன்னால் இருக்கும் உலோகத் தலை வளையாது. 4 சென்டிமீட்டர் நீளத் தலை, 20 மிமீ எல்போவுக்குள் விட்டத்தில் பொருந்தினாலும் திருப்பத்தில் குறுக்கே நின்றுவிடும். இரண்டு, மூன்று லென்ஸ் வைத்த தலைகள் பொதுவாக நீளம் கூடியவை.

2. தூரமும் வளைவும்: கட்டுக்கம்பியை விட்டுப் பாருங்கள்

சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை எடுங்கள். நுனியைச் சின்னதாக மடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மின்சாரம் ஓடும் வழியென்றால் மெயினை அணைத்துவிட்டே விடவேண்டும். கம்பி எங்கே தடுக்கிறது, திருகினால் தாண்டுகிறதா, மொத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வெளியே எடுத்து டேப்பால் அளந்துவிடுங்கள்.

வீட்டு வேலைக்கும் இன்ஜின் வேலைக்கும் பெரும்பாலும் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். தேவைக்கு மேல் நீளம் வாங்கினால் மிச்சக் கேபிள் தரையில் சுருண்டு கிடக்கும். கையில் திருப்புகிற திருப்பல் நுனி வரை போய்ச் சேராது. யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரையறுத்த நீளம். அதைத் தாண்டிய மலிவுக் கேபிள்களில் படம் விட்டுவிட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. ஃபோகஸ் தூரம்: யாரும் பார்க்காத எண்

இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். விலை குறைந்த கேமராக்களில் ஃபோகஸ் நிலையானது, போன் கேமரா போலத் தானே சரிசெய்துகொள்ளாது. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘3–8 செமீ’ என்று இருக்கும். பொருள் 3 சென்டிமீட்டருக்குள் வந்தாலும் மங்கும், 8 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் மங்கும். மெகாபிக்சல் எத்தனை இருந்தாலும் இதை மாற்றாது.

இதை வேலையோடு வைத்துப் பாருங்கள். 100 சிசி பைக்கின் சிலிண்டர் விட்டம் ஏறக்குறைய 50 மிமீ. நடுவில் கேமராவை இறக்கி, பக்கச் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவிலிருந்து சுவருக்குத் தூரம் இரண்டரை சென்டிமீட்டர்தான். 3 சென்டிமீட்டரில் தொடங்கும் கேமராவுக்குச் சுவர் மங்கலாகத்தான் தெரியும். 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவில் தொடங்கும் பக்க லென்ஸ் வேண்டும். இரண்டு லென்ஸ் கேமராவில் முன் லென்ஸுக்கு ஒரு ஃபோகஸ், பக்க லென்ஸுக்கு வேறு ஃபோகஸ் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிஸ்டன் தலையைப் பார்க்கவும் இதே கணக்குத்தான். பிஸ்டன் மேலே நின்றால் கேமராவுக்கு மிக அருகில் வந்துவிடும். கிக்கரை மெதுவாக அழுத்தியோ கியரில் போட்டுப் பின்சக்கரத்தை உருட்டியோ பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஒருவருக்கு அண்ணாச்சி இதைச் செய்து காட்டினார். கார்பன் படிந்த விளிம்பு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மச்சு, பொய்க்கூரை, பரண் மாதிரி அகன்ற இடங்களில் பொருள் அரை மீட்டர் தள்ளி இருக்கும். 3–8 கேமரா அங்கே வெறும் மூட்டத்தைக் காட்டும். அங்கே பார்க்கிற வேலை உங்களுக்கு அதிகமென்றால் தூரத்து ஃபோகஸ் உள்ளதைத் தேடுங்கள்.

4. கேபிள்: வளைந்து நிற்பதா, குழைந்து போவதா

இரண்டு ஜாதி இருக்கிறது. வளைத்தால் வளைத்தபடியே நிற்கும் பாதி விறைப்பான கேபிள் ஒன்று. நூல் மாதிரி குழையும் மென் கேபிள் இன்னொன்று.

இன்ஜின், டேஷ்போர்டுக்குப் பின்புறம், ஏசியின் உள்பக்கம், சுவர் இடுக்கு இதற்கெல்லாம் விறைப்பானது வேண்டும். நுனியை முன்கூட்டியே வளைத்து, குறிபார்த்து விடலாம். ஆனால் இரண்டாவது எல்போவில் அது முரண்டு பிடிக்கும்.

மென் கேபிளைத் தள்ள முடியாது, இழுக்க மட்டுமே முடியும். கன்டூயிட்டுக்குள் விட, வயர் இழுக்கும் ஸ்பிரிங்கோடு சேர்த்து ஒரு சாணுக்கு ஒரு டேப் சுற்றுங்கள். கேமராத் தலை ஸ்பிரிங் நுனிக்கு ஒரு விரற்கடை பின்னால் இருக்கட்டும். தலை முன்னால் போனால் லென்ஸ்தான் முதலில் மோதும்.

ஒன்று மட்டும் வாங்க முடியும் என்றால் பாதி விறைப்பான 2 மீட்டர் என் தேர்வு.

5. பக்கப் பார்வை, தலை திருப்பும் வகை

முன்பக்க லென்ஸோடு சின்னக் கண்ணாடித் தொப்பி ஒன்று தருவார்கள். மாட்டினால் பக்கவாட்டில் தெரியும். கூடவே ஒரு கொக்கி, ஒரு காந்தம். இவற்றை இன்ஜினுக்குள் மாட்டிக்கொண்டு இறங்காதீர்கள். ஒரு கடையில் வாங்கிய கேமராவின் காந்தத் தொப்பி எனக்குத் தெரிந்த ஒருவரிடம் சிலிண்டருக்குள் கழன்று விழுந்தது. ஹெட்டைக் கழற்றித்தான் எடுத்தார்கள். அரைமணி நேர வேலை ஒன்றரை நாள் ஆயிற்று. பக்கச் சுவரைப் பார்க்கும் வேலை நிறைய என்றால் பக்க லென்ஸ் உள்ளேயே பதித்ததை வாங்குங்கள்.

கைப்பிடியில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் நுனி தலையைத் திருப்பும் வகையும் வருகிறது. வால்வின் அடிப்பக்கத்தைப் பார்க்க அதை மிஞ்சியது இல்லை. அண்ணாச்சியிடம் இருப்பது அது. விலை பல மடங்கு கூடுதல், அதனால் தினமும் இன்ஜின் பார்க்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அதில் ஒரு விதி: வெளியே இழுக்கும் முன் நுனியை நேராக்கிவிட வேண்டும். வளைந்த நுனியோடு இழுத்தால் வால்விலோ துளையின் விளிம்பிலோ கொக்கி போல மாட்டிக்கொண்டு உள்கம்பி அறுந்துவிடும்.

6. போனில் பார்ப்பதா, தனித் திரையா

போனில் செருகும் வகைதான் மலிவு, ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் போன் ஓடிஜியை, அதாவது வெளிக்கருவியை யூஎஸ்பி வழியாக இணைக்கும் வசதியை, ஏற்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் அதை செட்டிங்ஸில் நாமே ஆன் செய்ய வேண்டும். சும்மா வைத்திருந்தால் தானே அணைந்தும் விடும். பழகுநர்கள் கேமராவைக் குறைசொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் செருகி நுழைகிறதே என்று நம்பி வாங்க வேண்டாம். ஐபோனில் இயங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும், கடையில் உங்கள் போனிலேயே ஓட்டியும் காட்டச் சொல்ல வேண்டும்.

வைஃபை வகையில் படம் கொஞ்சம் பிந்தி வரும். கையை நகர்த்திய பிறகு திரையில் நகரும். குழாய்க்குள் மெதுவாகப் போகும்போது பரவாயில்லை, வயர் நெரிசலில் துழாவும்போது தடுமாற வைக்கும்.

தனித் திரை உள்ளது விலை கூடினாலும் வேலைக்காரனுக்கு அதுதான் ஏற்றது. ஈரக்கையோடு போனை எடுக்க வேண்டாம், நடுவில் அழைப்பு வந்து படம் நிற்காது. வீட்டுக்காரரிடம் திரையைக் காட்டி, “இங்கே பாருங்கம்மா, இந்த இணைப்புல வேர் உள்ள வந்திருக்கு” என்று சொல்லலாம். படத்தைப் பார்த்தபிறகு தரையை உடைக்கச் சம்மதிப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

போன் செயலி தொடர்புப் பட்டியலையோ குறுஞ்செய்தியையோ பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். படம் காட்ட அது எதுவும் தேவையில்லை.

7. பிக்சலும் வெளிச்சமும்

இங்கே வந்த பிறகுதான் பிக்சல். 1280×720 போதும். இத்தனை சின்னத் தலைக்குள் இருக்கும் சென்சாரில் மலிவு விலைக்கு ‘5 மெகாபிக்சல்’ என்று போட்டால், சின்னப் படத்தை மென்பொருளால் பெரிதாக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிக்சலைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பது முக்கியம். பளபளக்கும் உலோகத்தில் எல்இடி முழு வெளிச்சத்தில் எரிந்தால் திரை வெள்ளையாகிவிடும், கீறல் மறைந்துவிடும். குறைத்து வைத்தால்தான் கீறலின் நிழல் தெரியும்.

8. தண்ணீரும் சூடும்

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அது தலைக்கும் கேபிளுக்கும் மட்டுமே. திரை, வைஃபை பெட்டி, செருகி எதற்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சாரலில் வெளியே நின்று வேலை செய்தால் திரையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டை இதைவிடக் கவனியுங்கள். சாதாரணக் கேமராக்களுக்கு 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பொறுக்காது. மலையேறி வந்து நின்ற லாரியின் இன்ஜின் வெளியே ஆறியது போலத் தோன்றினாலும் உள்ளே கொதிக்கும். அண்ணாச்சி ராத்திரி விட்டுவிட்டுக் காலையில்தான் கேமராவை இறக்குவார்.

9. கழிவுநீர்க் குழாய்க்கும் போர்வெல்லுக்கும் இது உதவாது

கழிப்பறைக் குழாய் 110 மிமீ, தரைக்குழாய் 75 மிமீ. இவ்வளவு அகலத்தில் சின்னக் கேமரா அடியில் படுத்துக்கொண்டு சேற்றைத்தான் காட்டும். வெளிச்சமும் பத்து இருபது சென்டிமீட்டருக்கு மேல் போகாது, மென் கேபிள் முதல் பெண்டிலேயே மடங்கும்.

இதற்கென்று ஃபைபர் கம்பியில் தள்ளும் கேமரா இருக்கிறது. தலை 20 மிமீக்கு மேல், நீளம் 20, 30 மீட்டர், தலையைக் குழாயின் நடுவில் நிறுத்தச் சின்னச் சக்கரக்கூடு. நல்லவற்றில் 512 ஹெர்ட்ஸ் அலைபரப்பி இருக்கும். மேலே ஒரு கருவியை நகர்த்தினால் தலை தரைக்குக் கீழே எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தோண்டும் இடம் தெரிவதுதான் அதன் முழுப் பயன்.

மாதத்துக்கு நாலு வேலை இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். போர்வெல் கேமரா எப்போதுமே வாடகைக்குத்தான். போர்வெல்லுக்குள் இறக்கிய கேசிங் குழாயில் விரிசலா, மோட்டார் எந்த ஆழத்தில் சிக்கியிருக்கிறது என்று ஆழமானியோடு பார்ப்பது தனித் தொழில்.

வாஷ் பேசின், சிங்க் குழாய்க்கு மட்டும் சின்னக் கேமரா ஓரளவு உதவும். அதற்கும் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த பி ட்ராப்பைக் கழற்றிவிட்டு விடுங்கள். ட்ராப் வழியாகத் தள்ளினால் கேபிள் முறுக்கிக்கொள்ளும்.

10. கடையிலேயே செய்யும் சோதனை

ஒரு முழ நீளத்துக்கு 1 அங்குல பைப் துண்டையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் கையோடு கொண்டுபோங்கள். மேசையில் நாணயத்தை வைத்து அதன்மேல் பைப்பை நிறுத்துங்கள். கேமராவை மேலிருந்து இறக்குங்கள். நாணயத்தின் எழுத்து எந்த உயரத்தில் தெளிகிறது, எங்கே மங்குகிறது என்று பைப் வாயில் கேபிளை நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போன நீளத்தைப் பைப்பின் நீளத்திலிருந்து கழித்தால் உண்மையான ஃபோகஸ் தூரம் கிடைத்துவிடும். பெட்டியில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

பிறகு விளக்கை முழுசாக அணைத்து, முழுசாக ஏற்றிப் பாருங்கள். செருகியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். படம் துள்ளினால் வேறு ஒன்றைக் கேளுங்கள், அந்த இடம்தான் முதலில் போகும்.

பக்கத்தில் நிற்கும் தம்பியிடம் கடைக்காரர், “அண்ணே, இது ஃபுல் எச்டி” என்று மறுபடி பிக்சலைத்தான் சொல்லுவார். அவர் சொல்லட்டும், நீங்கள் நாணயத்தைப் பாருங்கள்.

11. விடவே கூடாத இடங்கள்

பெட்ரோல் டேங்க்குக்குள் விடாதீர்கள். இந்தக் கேமராக்கள் தீப்பொறி வராதபடி பாதுகாத்துக் கட்டியவை அல்ல. எரிவாயுக் குழாய்க்கும் இதேதான்.

மின்சாரப் பலகையில் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே விடுங்கள். தலை உலோகம். அது மின்சாரம் ஓடும் பஸ்பார் பட்டையைத் தொட்டால் மின்சாரம் உங்கள் கையிலிருக்கும் போன் வரை வந்துவிடும்.

செப்டிக் டேங்க்கிலும் தேங்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது, மூச்சையும் அடைக்கும். கேமராவில் அடைப்பு தெரிந்துவிட்டது என்பதற்காக ஆளை உள்ளே இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இயந்திர வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த வேலையில் இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்துப் பார்த்தாவது இதில் பிடிவாதமாக இருங்கள்.

எங்கள் பக்கம் இன்னொன்று உண்டு. மழைக்காலத்தில் குழாய்க்குள்ளும் மீட்டர் பெட்டிக்குள்ளும் பாம்பு சுருண்டிருக்கும். திரையில் செதில் தெரிந்தால் கேபிளை மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். கேரளப் பக்கம் வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலி வழியாகப் பயிற்சி பெற்ற ஆள் வருவார்.

12. முதல் வேலையில் வரும் தடுமாற்றங்கள்

உள்ளே போனதும் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் குழம்புவது எல்லோருக்கும் நடக்கும். விடுவதற்கு முன் திரையில் மேலே தெரியும் பக்கத்துக்கு நேராகக் கேபிளின் கைப்பக்கத்து முனையில் ஒரு சின்ன வெள்ளை டேப் ஒட்டுங்கள். குழாய்க்குள் ஈரமிருந்தால் தண்ணீர்க் கோடு அடிப்பக்கத்தைக் காட்டிவிடும்.

படம் பனிமூட்டம் போல வந்தால் அவசரப்பட வேண்டாம். ஏசி காரிலிருந்து எடுத்த குளிர்ந்த லென்ஸில் மழைக்காலக் காற்றின் ஈரம் படிந்திருக்கும். விளக்கை முழுசாக ஏற்றி இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் அந்தச் சூட்டிலேயே விலகும்.

சிக்கினால் இழுக்காதீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, கால் சுற்று திருப்பி, பிறகு இழுங்கள். போன வழியைப் படமாகப் பதிந்துகொண்டே போனால் எங்கே சிக்கியது என்று பின்னால் ஓட்டிப் பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் லென்ஸைச் சுற்றியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகு, ஒரு சாணுக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டி, சிலிக்கா பொட்டலம் போட்ட பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலையில் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கண்ணாடிக்கு உட்புறம் முத்து முத்தாக ஈரம் தெரிந்தால் சீல் விட்டிருக்கிறது, உத்தரவாதக் காலம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.